ஊருக்கு ஊர் வேறு வெயில், வேறு வறட்சி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அரசு அலுவலகங்களில் ஒரு பழைய மிரட்டல் உண்டு. அந்தக் காடு என்றதும் பலருக்கு மனதில் வருவது ராமநாதபுரம்தான். ஆனால் அந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ-க்கு மேல் மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்துக்கு 700 மி.மீ கூட இல்லை. சென்னைக்கோ ஏறத்தாழ 1,400 மி.மீ, லண்டன் நகரத்தின் மழையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட சென்னைக்குத்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

ஆக, ஓர் ஊர் வறண்டுபோவதை மழையின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த மழை எத்தனை நாளில் கொட்டித் தீர்க்கிறது, மண் அதைப் பிடித்து வைக்குமா, பூமிக்கு அடியில் இருப்பது நல்ல தண்ணீரா உப்பா, மேட்டிலிருக்கும் ஊர் எவ்வளவு தண்ணீரைக் கீழே விடுகிறது என்று பலவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வெயிலும் அப்படித்தான். வெப்பமானி காட்டும் எண் ஒன்று, உடம்பு படும் பாடு வேறொன்று. கோடை வந்துவிட்டாலே எல்லா ஊருக்கும் ஒரே அறிவுரை, ஒரே திட்டம் என்று நீட்டும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தல். கரூரில் பலன் தருவது சென்னையில் பலன் தராது. திருப்பூருக்குப் பொருந்துவது முதுகுளத்தூருக்குப் பொருந்தாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வெப்பமானி சொல்லாத வெயில்

நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சுற்றியிருக்கும் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடம்பின் சூடு தானாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும். காற்று அதைத் தாண்டிச் சூடாகிவிட்டால் மிஞ்சுவது ஒரே வழி: வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். இங்கே முக்கியமான சொல் 'ஆவியானால்' என்பது. முதுகில் வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டும் வியர்வையால் உடம்புக்கு நட்டம்தான். தண்ணீரும் உப்பும் போகும், சூடு போகாது.

காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. இதை அளக்கத்தான் வானிலைக்காரர்கள் 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், அது எவ்வளவு தூரம் குளிரும் என்பதே அந்தக் கணக்கு. உதாரணத்துக்கு, கரூர் பரமத்தியில் ஒரு மதியம் 41 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் அளவு 23 டிகிரியை ஒட்டி இருக்கும். அதே நாளில் சென்னையில் 37 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 55 சதவீதம். அங்கே ஈரக்குமிழ் அளவு 29 டிகிரியைத் தாண்டிவிடும். செய்தியில் "கரூரில் சதம் தாண்டிய வெயில்" என்று வரும். உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள அதிகம் திணறுபவரோ சென்னையில் மூட்டை தூக்குபவர். ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியை எட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது நீண்டகாலக் கணக்கு. பின்னால் நடந்த சோதனைகளில், ஈரமான காற்றில் இளைஞர்களுக்கே அதைவிட நாலைந்து டிகிரி முன்பே உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறத் தொடங்கியது.

இந்திய வானிலைத் துறை வெப்ப அலையை அறிவிக்க இடத்துக்கு இடம் வேறு அளவு வைத்திருப்பது நல்ல விஷயம்: சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30. ஆனால் அத்தோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. மே மாதக் கடைசியில் சென்னையின் இயல்பான பகல் வெப்பமே 37, 38-ஐ ஒட்டி இருக்கும். அதற்கு மேல் 4.5 என்றால் கிட்டத்தட்ட 42 ஆக வேண்டும். காற்று அசையாமல், சட்டை காயாமல், இரவில் தூங்க முடியாமல் போகும் அந்த நீண்ட வாரங்கள் இந்தக் கணக்கில் வெப்ப அலையாகவே பதிவாவதில்லை.

வீட்டில் செய்யும் வைத்தியங்களும் இதைப் பொறுத்தவைதான். மண்பானை, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது, ஏர்கூலர் மூன்றுமே ஆவியாதலை நம்பி ஓடுபவை. வேலூர், சேலம், கரூர், திருச்சி பக்கம் இவை அருமையாக வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினத்தில் ஏர்கூலரை மூடிய அறையில் ஓட்டினால், ஏற்கெனவே பிசுபிசுக்கும் அறையில் இன்னும் ஈரம் சேரும், அவ்வளவுதான். அங்கே காற்றோட்டமே மருந்து: ஜன்னல்கள் எதிரெதிரே திறந்திருப்பதும் மின்விசிறியும். உள்மாவட்டத்திலோ மின்விசிறியை மட்டும் நம்பக் கூடாது. 40 டிகிரியைத் தாண்டிய வறண்ட காற்றை உலர்ந்த தோலின் மேல் வீசினால் அது உடம்புக்குச் சூட்டைத்தான் ஏற்றும், வயதானவர்களுக்கு ஆபத்தாகவும் முடியும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் உட்காரச் சொல்ல வேண்டும்.

கடற்காற்று வரும் நேரம்

கடலோரத்துக்குக் கடல் தரும் பெரிய உதவி மதியக் காற்று. நிலம் சூடேறியதும் அதன் மேல் இருக்கும் காற்று மேலே எழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு அது வந்துவிட்டால் சென்னை தப்பித்தது. மே மாதக் கடைசியில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாகிவிடும். அது கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்த, மதியம் இரண்டு மணி, மூன்று மணி வரை நகரம் வெந்துகொண்டே இருக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அன்றைய பஞ்சாங்கக் கணக்கில் அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டிருந்தது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும் கத்திரியைக் கணக்கு வைத்து "இனிமேல் குறைந்துவிடும்" என்று வடகடலோரத்தில் இருப்பவர்கள் நம்பிவிடக் கூடாது. அவர்களுக்கு ஜூன் முதல் வாரங்களும் கோடைதான். மேற்கு மாவட்டங்களில் கதை வேறு. ஏப்ரலிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம் சட்டென்று தணிந்துவிடும்.

பழைய வீடுகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து கட்டப்பட்டவை. உள்நாட்டில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம். செட்டிநாட்டில் கெட்டிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான மேல்தளம், நடுவில் முற்றம். பகல் சூட்டைச் சுவர் தாமதமாக உள்ளே விடும், இரவில் முற்றம் வழியாகச் சூடு மேலே கிளம்பிப் போகும். முற்றத்தில் விழும் மழையும் வீணாகாமல் அண்டாவுக்கும் தொட்டிக்கும் போகும். கடலோரத்தில் இரவும் அவ்வளவாகக் குளிராது. அதனால் அங்கே கெட்டிச் சுவரைவிட, கீற்று வேய்ந்து காற்று புகுந்து புறப்படும்படி கட்டினார்கள், திண்ணை வைத்தார்கள். இன்று ராமேஸ்வரத்திலும் தர்மபுரியிலும் ஒரே கான்கிரீட் பெட்டி. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அறைக்குள் கக்கும். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தகரக் கூரைக்காரர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மொட்டை மாடியில் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடிப்பது செலவு குறைந்த, எந்த ஊருக்கும் பொருந்துகிற மிகச் சில வழிகளில் ஒன்று. கோடை தொடங்கும் முன்பு, மாசியிலேயே அடித்துவிட வேண்டும்.

இரவு குளிர்ந்தால்தான் உடம்பு பகலில் பட்ட பாட்டிலிருந்து மீளும். இரவு வெப்பம் குறையாத ஊரில் மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் மருத்துவமனைக்குக் கூட்டம் வரும். செய்திகளில் பகல் உச்ச வெப்பத்தோடு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்குக் கோடைதான் அறுவடை. வெயில் ஏற ஏற உப்பு விளையும். "மதியம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள்" என்ற அறிவிப்புக்கு அவர்கள் வாழ்வில் இடமில்லை, அதனால் பலர் விடியலுக்கு வெகு முன்பே, இருட்டில் வேலையைத் தொடங்குகிறார்கள். சென்னை ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, வெப்பத்துக்கும் சிறுநீரகச் செயல்பாடு குறைவதற்கும் தொடர்பிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காவதையும் தமிழ்நாட்டில் 800 பெண்களிடம் நடத்திய ஆய்வில் அதே நிறுவனத்தினர் கண்டார்கள். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வது எளிது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் உப்பளத்திலும் உண்டு, செங்கல் சூளையிலும் உண்டு, வயலிலும் உண்டு. அவர்களுக்கு மோர்ப்பந்தலைவிட முதலில் தேவை ஒரு கழிப்பறை.

கண்மாய் நாடு

இனி வறட்சி. மறுபடி ராமநாதபுரத்துக்குப் போவோம்.

அங்கே மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். மிச்ச மாதங்கள் வறட்சி. நிலம் தட்டையானது, அணை கட்ட மலை இல்லை. பல இடங்களில் தோண்டினால் உப்புத்தண்ணீர். வைகையின் கடைசிப் பகுதி என்பதால் மேலே மதுரையும் சிவகங்கையும் எடுத்தது போக மிச்சம்தான் வரும். இவ்வளவு பாதகமான இடத்தில் மக்கள் எப்படி ஊர் ஊராக நிலைத்தார்கள்? விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தியதால்தான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு, அவை நெருக்கமாக அமைந்த பகுதிகளில் சிவகங்கை, ராமநாதபுரம் சீமைக்கு முக்கிய இடம்.

கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல, சங்கிலித் தொடர். மேல் கண்மாய் நிரம்பியதும் மிகுந்த தண்ணீர் கலுங்கு எனும் வழிந்தோடி வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிறது. கடலை எட்டும் வெள்ளம் அபூர்வம். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். நாரையே ஒரு மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம், அதில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் 48 மடைகள்.

இந்தத் தொடரில் மேலே இருப்பவர் கலுங்கை ஒரு முழம் உயர்த்தினால் கீழே இருக்கும் பத்து ஊர் காயும். அதனால்தான் எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணீர், எந்த மடை எப்போது திறக்க வேண்டும் என்பதை மாமூல் நாமா என்ற பதிவேடுகளில் எழுதி வைத்தார்கள். மடையைத் திறந்து மூட, வயலுக்கு வயல் தண்ணீரைப் பிரித்து விட, நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஊர் நெல்லாகக் கூலி கொடுத்தது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர்வாருவது குடிமராமத்து. வெட்டிய வண்டல் மாட்டுவண்டியில் வயலுக்குப் போகும், கண்மாயும் ஆழமாகும், நிலமும் உரமாகும். அந்தப் பெயரில் 2017-ல் தமிழக அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் உயிரான பகுதி கண்மாயின் நீர் தேங்கும் உள்வாயில் இல்லை, வரத்துக்காலில் இருக்கிறது. உள்வாயை ஆழப்படுத்திவிட்டு, தண்ணீர் வரும் வாய்க்காலைச் சீமைக்கருவேல் மூடியபடியே விட்டால் மழைக்காலத்தில் அந்தக் கண்மாய் வெறும் பள்ளமாகத்தான் கிடக்கும். இப்படிக் கிடக்கும் கண்மாய்கள் நிறைய.

குடிக்க ஊருணி. பாசனக் கண்மாயிலிருந்து இது வேறு. ஆடுமாடு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, செருப்போடு கரையேறக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வந்தபிறகு பல ஊர்களில் ஊருணி கவனிப்பாரற்றுப் போனது. குழாய்த் தண்ணீரை நான் குறை சொல்லவில்லை, பல மைல் நடந்த பெண்களின் இடுப்பு வலியை அது குறைத்தது. ஆனால் அந்தக் குழாயின் மறுமுனை வேறு மாவட்டத்துக் காவிரிக் கரையில் இருக்கிறது. வழியில் ஒரு உடைப்பு, ஒரு மின்வெட்டு, ஆற்றில் ஒரு வறட்சி என்றால் கடைசி ஊருக்கு முதலில் நின்றுபோகும். அப்போது பழைய காட்சி திரும்புகிறது: வரிசையாகக் குடம் அடுக்கிய தள்ளுவண்டிகள், காய்ந்த படுகையில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் ஊறிய தண்ணீரைக் கோரும் பெண்கள். குழாயும் வேண்டும், ஊருணியும் வேண்டும். ஒன்று வந்துவிட்டது என்று மற்றதைக் கைவிட்டதுதான் தவறு.

பயிரும் இதற்கேற்பத்தான். முதல் மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். அந்தப் புழுதி விதைப்பு, மழை எப்போது தொடங்கினாலும் ஒரு நாளும் வீணாகாமல் முளைப்பதற்கான ஏற்பாடு. பிறகு மிளகாய், பருத்தி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். கண்மாயைக் கெடுத்த அதே மரம் கமுதி, சாயல்குடி பக்கம் ஏழைகளுக்குக் கோடைக் கூலியும் தருகிறது. அதை ஒரேயடியாக வெட்டி எறி என்று நகரத்திலிருந்து சொல்பவர்கள் இந்தக் கூலிக்கு மாற்று என்ன என்பதையும் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பு கீதாரிகள் என்னும் நாடோடி ஆடு மேய்ப்பவர்கள். மேய்ச்சல் காய்ந்ததும் ஆட்டுக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களுக்குப் போவார்கள். இரவில் வயலில் கிடை போட்டால் ஆட்டுப்புழுக்கை உரம், அதற்கு நிலக்காரர் கூலியோ நெல்லோ கொடுப்பார். வறண்ட சீமையும் ஆற்றுச் சீமையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்த ஏற்பாடு இது. இப்போது அறுவடை இயந்திரமும் அடுத்தடுத்த போகங்களும் வந்து வயல் சும்மா கிடக்கும் நாட்கள் குறைய, வழியில் மேய்ச்சல் புறம்போக்குகள் வீட்டுமனைகளாக, அவர்களின் பாதை ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. வறட்சி நிவாரணக் கணக்கில் பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று உண்டு. நடந்துகொண்டே இருக்கும் இந்த மக்களுக்கு அந்தக் கணக்கில் தனிப் பத்தி கிடையாது.

பாறைக்கு மேல், சுண்ணாம்புக்கு மேல்

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. கீழே கருங்கல் பாறை. பாறையின் வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர் தங்கும். கிணறு வற்றியதும் ஆழ்துளை, அது வற்றியதும் இன்னும் ஆழம் என்று ஆயிரம் அடியைத் தாண்டிப் போயாயிற்று. ஆழமாகப் போனால் ஏதோ பெரிய நீர்த்தேக்கம் காத்திருக்கிறது என்பது வெறும் நம்பிக்கை. அங்கே கிடைப்பது பல காலமாகச் சேர்ந்த சொற்பத் தண்ணீர், எடுத்தால் சீக்கிரம் திரும்ப ஊறாது.

இதே நாட்டில் காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலமுறை இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். மழைக்காலத்தில் புல் தழைக்கும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் மாட்டுக்குத் தீவனம், மரம் அதற்கு நிழல். பாசனமே கிடையாது. காங்கேயம் மாடு இந்த நிலத்தில்தான் உருவானது. வறட்சியைத் தாங்கும் வேளாண்மை என்று மாநாடுகளில் பேசுபவர்கள் இந்தக் காட்டுக்குள் ஒரு சித்திரை மதியம் வந்து பார்க்க வேண்டும். 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியாற்றின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுபோகிறது. பாறை நிலத்தில் குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் ஊறும். ஆனால் 'உபரி' என்ற சொல்லில்தான் அதன் பலவீனம்: வறட்சி ஆண்டில் உபரி இருக்காது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டெல்லாம் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அந்தக் கல்லின் துளைகள் வழியே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவியிருக்கும் உப்புநீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் இலேசானது என்பதால் மேலே நிற்கிறது. துலாவில் ஏறி மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் எவ்வளவு இறைத்தாலும் மனித உடம்பின் எல்லைக்குள்தான் இறைக்க முடியும். நீர்ப்பம்பி வந்ததும் அந்த எல்லை போயிற்று. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு நாள் முழுக்க இறைக்க, நன்னீர்ப் படலம் மெலிந்து கீழிருந்து உப்பு மேலேறுகிறது. தோட்டத்துக்குப் போட்ட யூரியா நைத்திரேற்றாக (நைட்ரேட்) மாறிக் கிணற்றில் இறங்குகிறது. கொங்கு விவசாயி ஆழம் போனால் தண்ணீர் இல்லாமல் போகும், யாழ்ப்பாணத்து விவசாயி ஆழம் போனால் உப்பு வரும். இரண்டு பேருக்கும் "கிணற்றை ஆழப்படுத்த மானியம்" என்று ஒரே திட்டத்தை எழுத முடியாது. யாழ்ப்பாணத்துக்கு வேண்டியது குளங்களையும் தாழ்நிலங்களையும் மூடாமல் காத்து, மாரி மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் கல்லுக்குள் இறக்குவது.

நகரமும் ஆற்றுச் சமவெளியும்

சென்னையின் நிலை இன்னொரு வகை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்த்து ஏறத்தாழ 11 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். 2015 டிசம்பரில் பெருவெள்ளம். மூன்றரை ஆண்டு கழித்து இந்த நான்கும் தரை தெரிய வற்றின. ஜோலார்பேட்டை ரயில் ஒருமுறைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தது. வில்லிவாக்கத்துக்கு வந்த அந்தத் தண்ணீரும் காவிரித் தண்ணீர்தான், வறண்ட ஒரு மாவட்டத்தின் குடிநீர்த் திட்டத்திலிருந்து பிரித்தது. 2003-ல் அவசரச் சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல பலன் தந்தது, கிணறுகளில் நீர் ஏறியது. அப்புறம் பல வீடுகளில் குழிகள் மண்மூடிக் கிடக்கின்றன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறோம். அது கைகொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டுக் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் செலவழிக்கும் நகரம், முதலில் மிச்சமிருக்கும் சதுப்பைத் தொடாமல் விட வேண்டும்.

காவிரிப் படுகையைச் சுருக்கமாகச் சொல்லலாம், அதன் கதை அதிகம் பேசப்பட்டது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா என்பதே அங்கே கோடையின் ஒரே கேள்வி. 2016 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டு டெல்டாதான் அதிகம் ஆட்டம் கண்டது. ராமநாதபுரத்துக்காரருக்குத் தண்ணீர் இல்லாத ஆண்டைக் கடக்க ஆடு, கரி, வெளியூர்க் கூலி என்று நாலு வழி பழக்கத்தில் இருந்தது. ஆற்றை மட்டும் நம்பிய கடைமடை விவசாயிக்கு மாற்றுவழி எதுவும் பழக்கத்தில் இல்லை, கடன் மட்டும் இருந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். இதை வரவேற்கிறேன். ஆனால் வெயிலால் இறந்தார் என்று மருத்துவச் சான்று வேண்டும். கொளுத்தும் வயலில் மயங்கி விழுந்தவரின் சாவு மாரடைப்பு என்று எழுதப்படுவது சாதாரணமாக நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாக உடல் வெப்பத்தை அளந்து குறித்து வைக்கும் பழக்கம் வந்தால்தான் அந்த அறிவிப்பு ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரும்.

மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். கத்திரி தொடங்க மூன்று நாள் முன்பு, மழைக்கு ஐந்து மாதம் முன்பு. தூர்வாரும் பணிக்கான உத்தரவு பல ஊர்களில் ஆவணி, புரட்டாசியில் வருகிறது. மண்வெட்டி இறங்கும்போது மழையும் இறங்கி, வேலை பாதியில் நிற்கிறது, கணக்கு மட்டும் முடிகிறது. ராமநாதபுரத்து ஊர் என்றால் அன்று கேட்க வேண்டியது வரத்துக்காலின் அளவீட்டையும் கலுங்கின் உயரத்தையும். கொங்கு ஊர் என்றால் புது ஆழ்துளைக்குப் பதில் குட்டைகளின் பட்டியலை. கடலோர ஊர் என்றால் வேலை நேரத்தை விடியலுக்கு மாற்றும் தீர்மானத்தையும் வேலையிடத்தில் நிழல், கழிப்பறைக்கான ஒதுக்கீட்டையும். எழுத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.